தூரமும் நேரமும்: கொக்கலையிலிருந்து பேர்த் வரை



ஓர் ஊர் எவ்வளவு தொலைவில் இருக்கின்றது என்று கேட்டால், நம் முன்னோர் பெரும்பாலும் நேரத்தைக் கொண்டே விடை கூறினர். "இரண்டு நாழிகை நடை" என்பர். "விடியப் புறப்பட்டால் பொழுது சாய்வதற்குள் போய்ச் சேரலாம்" என்பர். நடப்பவனுடைய கால் வேகம் ஏறத்தாழ ஒரே அளவினதாய் இருந்தமையால், நேரத்தைச் சொன்னால் தூரத்தையும் சொன்னதாயிற்று. ஆகாய விமானம் தோன்றிய பின்னர் இந்த ஒற்றுமை குலைந்துவிட்டது. இரு விமான நிலையங்களுக்கிடையே உள்ள தூரம் என்றும் மாறாத ஒன்று. ஆனால் அத்தூரத்தைக் கடக்கும் நேரமோ காற்றினாலும், எரிபொருளினாலும், இயந்திரத்தின் திறனாலும், சில வேளைகளில் அரசுகளின் பகைமையினாலும் மாறிக்கொண்டே இருக்கின்றது. தூரத்தை அளந்துவிட்டால் நேரம் தானாகத் தெரிந்துவிடும் என்று எண்ணுவது சரியாகாது.

இதனை விளக்குவதற்கு வெளிநாட்டு உதாரணம் ஒன்றைத் தேடிப் போகவேண்டியதில்லை. உலக விமானப் போக்குவரத்து வரலாற்றிலே, பயணிகளைச் சுமந்து இடையில் எங்கும் இறங்காமல் மிக நீண்ட நேரம் பறந்த சேவை எதுவென்று கேட்டால், அதற்குரிய விடை நம் நாட்டின் தென்கரையிலேயே இருக்கின்றது. காலி நகருக்கு அண்மையில் உள்ள கொக்கலை வாவிக்கும், மேற்கு அவுஸ்திரேலியாவின் பேர்த் நகரிலுள்ள ஸ்வான் ஆற்றுக்கும் இடையே 1943ஆம் ஆண்டு முதல் 1945ஆம் ஆண்டு வரை நடைபெற்ற சேவையே அது. அந்தப் பயணத்தைத் துணையாகக் கொண்டு, தூரம் என்றால் யாது, நேரம் என்றால் யாது என்று சற்று ஆராய்வோம்.

முதலில் தூரத்தை எடுத்துக்கொள்வோம். பூமி உருண்டையானது. ஆகவே, அதன் மேல் உள்ள இரண்டு இடங்களுக்கிடையே நேர்கோடு என்பது கிடையாது, வளைகோடுதான் உண்டு. ஒரு தோடம்பழத்தை எடுத்து, அதன் மேல் இரண்டு புள்ளிகளைக் குறித்து, ஒரு நூலை அவ்விரு புள்ளிகளுக்கும் இடையே இறுக இழுத்துப் பிடித்தால், நூல் தானாகவே மிகக் குறுகிய வழியில் அமைந்துவிடும். அந்த நூலை அதே திசையில் மேலும் நீட்டிப் பழத்தைச் சுற்றிக் கொண்டுவந்தால், அது பழத்தைச் சரிபாதியாகப் பிரிக்கும். இவ்வாறு பூமியைச் சரிபாதியாகப் பிரிக்கும் வட்டத்தைப் பெருவட்டம் என்பர். இரு விமான நிலையங்களுக்கிடையே உள்ள தூரம் என்று அட்டவணைகளில் குறிக்கப்படுவது இந்தப் பெருவட்டத்தின் வழியே அளந்த தூரமேயாகும்.

பூமியின் சுற்றளவு ஏறத்தாழ 40,000 கிலோமீற்றர். அதனை 360 பாகைகளாகப் பிரித்தால், ஒரு பாகைக்கு ஏறத்தாழ 111 கிலோமீற்றர் வரும். ஒரு பாகையை மீண்டும் 60 கலைகளாகப் பிரித்தால், ஒரு கலைக்கு 1,852 மீற்றர் வரும். மாலுமிகளும் விமானிகளும் கடல் மைல் என்று கூறுவது இந்த 1,852 மீற்றரையே. சாதாரண மைலை விடக் கடல் மைல் நீளமானது. அது மனிதன் தன் விருப்பப்படி வகுத்த அளவு அன்று, பூமியின் உருவத்திலிருந்தே பிறந்த அளவு என்பது கவனிக்கத்தக்கது.

கொக்கலை, பூமத்திய ரேகைக்கு வடக்கே 6 பாகையில் இருக்கின்றது. பேர்த், தெற்கே 32 பாகையில் இருக்கின்றது. கிழக்கு மேற்காகப் பார்த்தால் இரண்டுக்கும் இடையே ஏறத்தாழ 35½ பாகை. இவற்றைக் கொண்டு கோளக் கணிதத்தின்படி கணக்கிட்டால், இடைப்பட்ட வளைகோடு 51 பாகைக்குச் சற்றுக் குறைவாக வருகின்றது. அஃதாவது 3,050 கடல் மைல். கிலோமீற்றரில் ஏறத்தாழ 5,650. சாதாரண மைலில் 3,500க்குச் சற்று அதிகம். இந்த எண் 1943இலும் இதுவே; இன்றும் இதுவே; நம் பேரப்பிள்ளைகள் காலத்திலும் இதுவாகவே இருக்கும்.

இவ்விடத்தில் ஓர் எச்சரிக்கை தேவை. பாடசாலைச் சுவரில் தொங்கும் தேசப்படத்தைப் பார்த்து, இரு நகரங்களுக்கிடையே அடிமட்டத்தை வைத்து வழியைத் தீர்மானித்துவிடலாகாது. உருண்டையான பூமியைத் தட்டையான கடதாசியில் விரித்தால் எங்கேயாவது இழுபட்டே ஆகவேண்டும். பூமத்திய ரேகைக்கு அண்மையில் இந்தப் பிழை சிறிது. வடக்கே செல்லச் செல்லப் பெரிது. இலண்டனிலிருந்து தோக்கியோவுக்குச் செல்லும் குறுகிய வழி, படத்திலே தோன்றுவதுபோல மத்திய ஆசியாவை ஊடறுத்துக் கிழக்கு நோக்கிச் செல்வதன்று. அது வடதுருவப் பிரதேசத்தின் ஓரமாக வளைந்து, சைபீரியாவின் மேலாக இறங்கி வருவது. தோடம்பழமும் நூலும் சொல்வதையே நம்பவேண்டும், சுவர்ப்படத்தை அன்று.

இனி நேரத்துக்கு வருவோம். இங்கேதான் வரலாறு குறுக்கிடுகின்றது.

1938ஆம் ஆண்டில் அவுஸ்திரேலியாவின் சிட்னி நகருக்கும் இங்கிலாந்துக்கும் இடையே கடல் விமானச் சேவை ஒன்று தொடங்கியது. நீரில் இறங்கி நீரிலிருந்தே மேலெழும் பெரிய விமானங்கள் அவை. சிங்கப்பூர், கல்கத்தா, கராச்சி என இடையிடையே இறங்கி, இரவில் தங்கி, ஒன்பது பத்து நாட்களில் அவை இங்கிலாந்தை அடைந்தன. அக்காலத்தில் அது பெரும் வேகம். கப்பலில் செல்பவர் அதே பயணத்துக்கு ஐந்து ஆறு வாரங்கள் செலவிட்டனர்.

1942ஆம் ஆண்டு பெப்ரவரி மாதம் 15ஆந் திகதி சிங்கப்பூர் யப்பானியரிடம் வீழ்ந்தது. சங்கிலியின் நடுக்கண்ணி அறுந்தது. அவுஸ்திரேலியாவுக்கும் இங்கிலாந்துக்கும் இடையே உள்ள தூரத்தில் ஓர் அங்குலமேனும் கூடவில்லை; ஆயினும் விமானத்தில் செல்லும் வழி அடைபட்டுவிட்டது. போர் நடத்தும் இரு நாடுகளுக்கிடையே கடிதங்களும் ஆணைகளும் அதிகாரிகளும் செல்லும் குறுகிய வழி இல்லாமற் போயிற்று.

அப்போது எஞ்சியிருந்த வழி இந்து சமுத்திரமே. கொக்கலையில் பிரித்தானிய விமானப்படையின் கடல் விமானத் தளம் ஒன்று இருந்தது. 1942 ஏப்பிரல் 4ஆந் திகதி, கொழும்பை நோக்கி வந்துகொண்டிருந்த யப்பானியக் கடற்படையைத் தென்கிழக்குக் கடலில் கண்டு இலங்கைக்கு அறிவித்த கனேடிய விமானி லெனாட் பேர்ச்சோல் புறப்பட்டதும் அந்த வாவியிலிருந்தே. அறிவித்த சிறிது நேரத்தில் அவருடைய விமானம் சுட்டு வீழ்த்தப்பட்டது, அவர் சிறைப்பட்டார். மறுநாள் உயிர்த்த ஞாயிறன்று கொழும்பு தாக்கப்பட்டது. இந்து சமுத்திரத்தின் மேலாகப் பறப்பது எத்துணை ஆபத்தானது என்பதற்கு வேறு சான்று வேண்டியதில்லை.

அந்தச் சமுத்திரத்தின் மேலாகத்தான் 1943ஆம் ஆண்டின் நடுப்பகுதியில் அவுஸ்திரேலிய நிறுவனமான குவாண்டாஸ் தன் புதிய சேவையைத் தொடங்கியது. இடையில் இறங்குவதற்கு இடம் இல்லை. வழிக்கு அண்மையில் கொக்கோஸ் தீவுகள் இருந்தன. ஆனால் அவை எதிரி விமானங்களின் கண்பார்வைக்கு உட்பட்டிருந்தன. ஆகவே, 5,650 கிலோமீற்றரையும் ஒரே மூச்சிற் பறக்க வேண்டியதாயிற்று.

இதற்குக் கிடைத்த விமானம் கற்றலீனா என்பது. இரண்டு இயந்திரங்களைக் கொண்ட இந்தக் கடல் விமானத்தின் சிறப்பு வேகம் அன்று, பொறுமை. அது மணிக்கு ஏறத்தாழ 200 கிலோமீற்றர் வேகத்திலேயே பறந்தது. இக்காலத்து விரைவு வண்டிகள் பல அதனை முந்திச் சென்றுவிடும். ஆனால் ஒரு நாளுக்கு மேலாக வானில் நிற்கும் ஆற்றல் அதற்கு இருந்தது.

அந்த ஆற்றலும் இலவசமாகக் கிடைக்கவில்லை. நீண்ட தூரம் பறப்பதற்கு நிறைய எரிபொருள் வேண்டும். எரிபொருளோ பாரமானது. அந்தப் பாரத்தைத் தூக்குவதற்கே மேலும் எரிபொருள் வேண்டும். பாலைவனத்தைக் கடக்கும் வணிகன், தன் ஒட்டகத்தின் மேல் ஒட்டகத்துக்குரிய தீனியையே ஏற்றிவிட்டால் சரக்குக்கு இடமின்றிப் போகும் அல்லவா? அதே நிலைதான். கற்றலீனாவின் உள்ளே மேலதிக எரிபொருட் தாங்கிகள் பொருத்தப்பட்டன. அதற்கு ஈடாக, குளிரைத் தடுக்கும் உள்ளுறை முதலாகத் தவிர்க்கக்கூடியன யாவும் கழற்றப்பட்டன. இவ்வளவும் செய்த பின்னர் எஞ்சிய இடம் மூன்று பயணிகளுக்கும் 69 கிலோகிராம் தபாலுக்குமே போதுமானதாய் இருந்தது. பயணம் தொடங்கிய முதல் மணித்தியாலங்களில், முழுப் பாரத்துடன் செல்லும் விமானத்தில் ஓர் இயந்திரம் நின்றுவிட்டால், எரிபொருளைக் கடலிற் கொட்டினாலன்றி அதனை வானில் நிறுத்த இயலாது. கொட்டிவிட்டால் கரை சேர இயலாது. தூரம் என்பதன் உண்மையான விலை இதுவே.

இனி, எளிய வகுத்தற் கணக்கைச் செய்து பார்ப்போம். 5,650 கிலோமீற்றரை மணிக்கு 200 என்னும் வேகத்தால் வகுத்தால் 28¼ மணித்தியாலம் வருகின்றது. ஆனால் உண்மையில் இப்பயணங்கள் 27 மணி முதல் 33 மணி வரை எடுத்தன. தூரமும் ஒன்று, விமானமும் ஒன்று. வேறுபாடு எங்கிருந்து வந்தது?

காற்றிலிருந்து வந்தது. விமானம் பறப்பது நிலத்தின் மேல் அன்று, காற்றுக்குள். ஆற்றில் ஓடும் படகைப் போல, அது தான் இருக்கும் காற்றோடு சேர்ந்து நகர்கின்றது. மணிக்கு 30 கிலோமீற்றர் வேகமுள்ள காற்று எதிரே வீசினால், 200 கிலோமீற்றர் வேகமுள்ள விமானம் நிலத்தை அளந்து பார்க்கும்போது 170 கிலோமீற்றரே முன்னேறும். அப்போது பயணத்துக்கு 33 மணிக்குச் சற்று அதிகமாகும். அதே காற்று பின்னால் வீசினால் வேகம் 230 ஆகும்; பயணம் 24½ மணியளவில் முடிந்துவிடும். எதிர்க்காற்று ஐந்து மணித்தியாலத்தைப் பறிக்கின்றது. அதே வலிமையுள்ள பின்காற்று நான்கு மணித்தியாலத்தைக் கூட முழுமையாகத் திருப்பித் தரவில்லை. ஏன்? எதிர்க்காற்றில் விமானம் மெதுவாகச் செல்வதால் அந்தக் காற்றுக்குள் அதிக நேரம் அகப்பட்டிருக்கின்றது. பின்காற்றில் விரைவாகச் செல்வதால் அதன் உதவியைக் குறைந்த நேரமே பெறுகின்றது. போகும்போது இழந்ததை வரும்போது பெற்றுவிடலாம் என்று எண்ணும் பயணி இக்கணக்கை மனத்திற் கொள்ளவேண்டும்.

இதே 30 கிலோமீற்றர் காற்று இக்காலத்து ஜெற் விமானத்தை எவ்வாறு பாதிக்கும்? மணிக்கு 900 கிலோமீற்றர் வேகத்தில் செல்லும் விமானத்துக்கு அத்தூரம் ஏறத்தாழ 6 மணி 17 நிமிடம். எதிர்க்காற்று வீசினால் 6 மணி 30 நிமிடம். வேறுபாடு 13 நிமிடமே. வேகம் கூடக்கூட, காற்றின் அதிகாரம் குறைகின்றது. ஆயினும் முற்றாக அழிந்துவிடவில்லை. பத்துப் பன்னிரண்டு கிலோமீற்றர் உயரத்தில், மேற்கிலிருந்து கிழக்காக, மணிக்கு நூற்றுக்கணக்கான கிலோமீற்றர் வேகத்தில் ஓடும் காற்றாறுகள் சில உண்டு. இவற்றை ஜெற் காற்றோட்டம் என்பர். கிழக்கு நோக்கிச் செல்லும் விமானங்கள் இவற்றின் முதுகில் ஏறிச் செல்ல முயலும். மேற்கு நோக்கிச் செல்லும் விமானங்கள் இவற்றைத் தவிர்க்க முயலும். இலங்கையிலிருந்து இலண்டனுக்குச் செல்லும் பயணம், திரும்பி வரும் பயணத்தை விடப் பொதுவாகச் சற்று நீண்டிருப்பதற்குக் காரணம் இதுவே.

மீண்டும் கற்றலீனாவுக்கு வருவோம். ஒவ்வொரு விமானியும் புறப்படுமுன் தனக்குள் தீர்க்கவேண்டிய வினா ஒன்று இருந்தது: வழியில் ஏதேனும் நேர்ந்தால், முன்னே செல்வதா, திரும்பி வருவதா? தூரத்தின் நடுவிடம் 2,825ஆவது கிலோமீற்றரில் இருக்கின்றது. ஆனால் எதிர்க்காற்று வீசும் நாளில், முன்னே செல்வது கடினம், திரும்பி வருவது எளிது. முன்னர்க் கூறிய 30 கிலோமீற்றர் எதிர்க்காற்றையே எடுத்துக்கொண்டால், முன்னே செல்லும் நேரமும் திரும்பும் நேரமும் சமமாகும் இடம் ஏறத்தாழ 3,250ஆவது கிலோமீற்றரில் அமைகின்றது. அஃதாவது, பாதி வழியைக் கடந்து மேலும் 400 கிலோமீற்றருக்கு மேற் சென்ற பின்னும், திரும்பி வருவதே விரைவான வழி. தூரத்தின் நடுவும் நேரத்தின் நடுவும் வெவ்வேறு இடங்கள். இன்றும் பெருங்கடல்களைக் கடக்கும் ஒவ்வொரு விமானத்துக்கும் இந்தக் கணக்குப் புறப்படுமுன்னரே செய்யப்படுகின்றது.

இக்கணக்கைச் செய்வதற்குத் தான் எங்கே இருக்கின்றோம் என்பது தெரியவேண்டும். எதிரி கேட்டுவிடுவான் என்னும் அச்சத்தால் வானொலி மௌனமாக இருந்தது. கீழே கடல், எங்கு பார்த்தாலும் ஒரே தோற்றம். ஆகவே திசைகாட்டியும் விண்மீன்களுமே வழிகாட்டின. பழங்காலத்து மாலுமி எந்த வானத்தைப் பார்த்தானோ அதே வானத்தைத்தான் இந்த விமானத்தின் வழிகாட்டுநரும் கோணமானியால் அளந்தார். சேவையில் ஈடுபட்ட ஐந்து விமானங்களுக்கும் விண்மீன்களின் பெயர்களே சூட்டப்பட்டன: அல்ரெயர், வேகா, ஸ்பைக்கா, அன்ரறீஸ், றைஜெல். இவை நமக்கு அந்நியமானவை அல்ல. அல்ரெயர் நம் திருவோணம், வேகா அபிஜித்து, ஸ்பைக்கா சித்திரை, அன்ரறீஸ் கேட்டை. றைஜெல், மிருகசீரிடத்துக்கு அருகே ஒளிரும் நீலவெண் மீன். பஞ்சாங்கத்தில் நாம் நாள் பார்க்கும் மீன்கள், அவர்களுக்கு வழி பார்க்கும் மீன்களாயின.

யப்பானிய விமானங்கள் உலாவிய பகுதியை இருளிற் கடக்கும் வண்ணம் பயணம் வகுக்கப்பட்டது. ஆகவே பயணி ஒருவர் புறப்பட்ட நாளின் சூரியோதயத்தையும் மறுநாளின் சூரியோதயத்தையும் விமானத்தில் இருந்தவாறே காணலானார். இதனால் இச்சேவை "இரட்டைச் சூரியோதயம்" என்னும் பெயரைப் பெற்றது. "இரட்டைச் சூரியோதய இரகசிய அணி"யிற் சேர்ந்தமைக்கு அறிகுறியாகப் பயணிகளுக்குச் சான்றிதழும் வழங்கப்பட்டது.

இந்த இரண்டு சூரியோதயங்களுக்கிடையே இருந்த நேரம் எவ்வளவு? இருபத்து நான்கு மணி என்று உடனே கூறத் தோன்றும். நின்ற இடத்தில் நிற்பவனுக்கு அது சரி. நகர்பவனுக்குச் சரியாகாது. பூமி 15 பாகை சுழல ஒரு மணித்தியாலம் எடுக்கின்றது. கொக்கலைக்கும் பேர்த்துக்கும் இடையே உள்ள 35½ பாகையைச் சுழல 2 மணி 22 நிமிடம் வேண்டும். பேர்த் நோக்கிச் செல்பவர் எழும் சூரியனை எதிர்கொண்டு செல்கின்றார். ஆகவே முழு வழியையும் கணக்கிற் கொண்டால், மறுநாளின் சூரியன் அவருக்கு அந்த அளவு முன்னதாகவே உதிக்கும். கொக்கலை நோக்கி வருபவர் சூரியனுக்கு முதுகு காட்டி ஓடுகின்றார். ஆகவே அவருக்கு அது அந்த அளவு பிந்தி உதிக்கும். பருவத்துக்கேற்பச் சிறிது கூடினாலும் குறைந்தாலும், ஒருவருக்கு நாள் 22 மணியளவினது. மற்றவருக்கு 26 மணியளவினது.

கடிகாரமும் இதே வேடிக்கையைச் செய்கின்றது. இன்றைய கணக்கில் பேர்த் நகரக் கடிகாரம் இலங்கைக் கடிகாரத்தை விட இரண்டரை மணித்தியாலம் முன்னே செல்கின்றது. 28 மணி நேரப் பயணம் ஒன்று இலங்கையிலிருந்து காலை 6 மணிக்குப் புறப்பட்டால், மறுநாள் நண்பகல் 12.30க்குப் பேர்த்தை அடைந்ததாக அங்குள்ள கடிகாரம் காட்டும். பேர்த்திலிருந்து காலை 6 மணிக்குப் புறப்பட்டால், மறுநாட் காலை 7.30க்கு இலங்கையை அடைந்ததாக இங்குள்ள கடிகாரம் காட்டும். கடிகாரங்களை மட்டும் பார்ப்பவருக்கு ஒன்று 30½ மணி, மற்றது 25½ மணி. உடம்பு அனுபவித்ததோ இரண்டிலும் 28 மணியே. பயணச்சீட்டில் உள்ள நேரங்கள் அந்தந்த ஊர்க் கடிகாரத்தின்படி அச்சிடப்படுவன என்பதை மறந்தவர்கள், விமான நிலையத்தில் வீணே காத்திருப்பதையும், வரவேற்கப் பிந்திச் செல்வதையும் நாம் அறிவோம்.

1944ஆம் ஆண்டின் நடுப்பகுதியில் லிபறேற்றர் என்னும் நான்கு இயந்திர விமானங்கள் சேவையிற் சேர்ந்தன. இவை நிலத்தில் இறங்குவன. ஆகவே இலங்கையில் இரத்மலானையையும், அவுஸ்திரேலியாவின் வடமேற்கு முனையில் எக்ஸ்மவுத் குடாவையும் பயன்படுத்தின. கடலைக் கடக்கும் பகுதி 5,000 கிலோமீற்றருக்குச் சற்றுக் குறைவாயிற்று. நேரமோ ஏறத்தாழ 17 மணியாகச் சுருங்கியது. கங்காரு உருவம் முதன்முதலாகக் குவாண்டாஸ் விமானத்தில் வரையப்பட்டது இந்தச் சேவையிலேதான். 1945 யூலையில் கற்றலீனாச் சேவை முடிவடைந்தது. 271 தடவை அவை சமுத்திரத்தைக் கடந்தன, ஒன்றேனும் அழியவில்லை. போர் முடிந்த பின்னர், கடனாகப் பெற்ற அவ்விமானங்கள் ஒப்பந்தத்தின்படி கடலில் அமிழ்த்தப்பட்டன.

முக்கால் நூற்றாண்டு கழிந்தது. 2018ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில், அதே பேர்த் நகரிலிருந்து இலண்டனுக்கு எங்கும் இறங்காத சேவையை அதே நிறுவனம் தொடங்கியது. தூரம் ஏறத்தாழ 14,500 கிலோமீற்றர். நேரம் ஏறத்தாழ 17 மணி. லிபறேற்றர் கொழும்பை எட்டிய நேரத்தில் இப்புதிய விமானம் இலண்டனை எட்டியது. பூமியில் ஓரிடத்திலிருந்து மற்றோரிடம் இருக்கக்கூடிய மிகப் பெரிய தூரமே, சுற்றளவின் பாதியான 20,000 கிலோமீற்றர்தான். சிங்கப்பூருக்கும் நியூயோர்க்குக்கும் இடையே 15,300 கிலோமீற்றரை ஒரே மூச்சிற் கடக்கும் சேவையும் தொடங்கிவிட்டது. தூரத்தை மனிதன் ஏறத்தாழ வென்றுவிட்டான் என்று கூறத் தோன்றும்.

ஆனால் அவ்வாறு கூற அவசரப்படவேண்டாம். முன்னர்க் குறிப்பிட்ட இலண்டன்-தோக்கியோ வழியை நினைத்துப் பாருங்கள். அங்கே பெருவட்டத் தூரம் 9,600 கிலோமீற்றரளவு. சைபீரிய வானம் திறந்திருந்த காலத்தில் பயணம் 12 மணியளவில் முடிந்தது. 2022 பெப்ரவரியில் உக்ரேன் போர் மூண்டு, இரசிய வானம் பிரித்தானிய விமானங்களுக்கு மூடப்பட்டதும், அதே பயணம் 14 மணிக்குக் குறையாமல் நீண்டது. இரு நகரங்களும் நகரவில்லை. விமானமும் வேகம் குறையவில்லை. 1942இல் சிங்கப்பூர் வீழ்ந்தபோது நிகழ்ந்ததே மீண்டும் நிகழ்ந்தது. கடலையும் காற்றையும் வெல்லும் விமானம், நாடுகளுக்கிடையே பகை மூண்டால் சுற்றுவழியே செல்லவேண்டியதாகின்றது.

நேயர்கள் தாமே பயன்படுத்தக்கூடிய ஒரு கணக்கை இறுதியாகக் கூறுவோம். உங்கள் மகனோ மகளோ கட்டுநாயக்காவிலிருந்து இலண்டனுக்குப் புறப்படுகின்றார் என்று வைத்துக்கொள்வோம். பெருவட்டத் தூரம் ஏறத்தாழ 8,700 கிலோமீற்றர். அதனை மணிக்கு 850 என்று வகுத்தால் 10¼ மணி. விமானம் நிலையத்தை விட்டு நகர்ந்து, ஓடுபாதையை அடைந்து, மேலெழுந்து, மறுமுனையில் இறங்கி நிற்பதற்கு அரை மணியைக் கூட்டுங்கள். ஏனெனில் அட்டவணையில் உள்ள நேரம் சக்கரம் நகரும் கணத்திலிருந்து சக்கரம் நிற்கும் கணம் வரை கணக்கிடப்படுவது. மேற்கு நோக்கிச் செல்வதால் காற்றுக்காகச் சிறிது கூட்டுங்கள். 11 மணியளவில் வரும். வழியில் எந்த நாட்டு வானமேனும் மூடப்பட்டிருந்தால் மேலும் கூட்டுங்கள். பின்னர், இலண்டன் கடிகாரம் இலங்கைக் கடிகாரத்துக்குக் குளிர்காலத்தில் 5½ மணியும் கோடையில் 4½ மணியும் பின்னே நிற்பதைக் கழியுங்கள். வேறொரு விமான நிலையத்தில் மாறிச் செல்வதாயின், அங்கே காத்திருக்கும் நேரம் இவை யாவற்றையும் விட நீண்டதாய் இருத்தல் கூடும்.

இந்தக் கணக்கில், தூரம் என்னும் முதல் எண்ணை இயற்கை தருகின்றது. அதன் பின்னர் வரும் எண்கள் ஒவ்வொன்றிலும் மனிதனுடைய பங்கு இருக்கின்றது: அவன் செய்த இயந்திரம், அவன் சுமந்த எரிபொருள், அவன் கற்ற காற்று, அவன் திறந்த அல்லது மூடிய வானம். மூன்று பயணிகளையும் ஒரு தபாற் பையையும் கடல் கடத்துவதற்காக, 33 மணி வரையில் உறங்காது விண்மீன்களை அளந்துகொண்டிருந்தவர்கள் கொக்கலை வாவியில் இறங்கியபோது, தூரத்தைக் குறைத்துவிடவில்லை. அறுந்துபோன ஒரு வழியை மீண்டும் இணைத்துவிட்டார்கள். அதற்கு அவர்கள் கொடுத்த விலையே நேரம்.